நஞ்சோடு பழகிய மண்புழு: பிழைத்திருத்தலின் விலை என்ன?

டென்மார்க்கின் யூலாந்துத் தீபகற்பத்திலே, ஹூகும் என்னும் ஊரை அடுத்து ஒரு நிலம் உண்டு. 1911ஆம் ஆண்டு தொடக்கம் 1924ஆம் ஆண்டு வரை அங்கே மரங்களுக்கு மருந்தூட்டும் தொழில் நடைபெற்றது. மரங்கள் உக்கிப் போகாதிருக்கும் பொருட்டு அவற்றுக்குச் செப்புச் சல்பேற்றுக் கரைசல் ஊட்டப்பட்டது. எமது ஊர்களில் மயில்துத்தம் என வழங்கும் நீல உப்புத்தான் அது. பின்னர் தொழில் நின்றது. நிலம் நெடுங்காலம் உழுது பயிரிடப்பட்டு, 1990களில் தரிசாக விடப்பட்டது. வழியாற் செல்பவர் கண்ணுக்கு அது புல் முளைத்த ஒரு சாதாரண வயலாகவே தோன்றும்.

ஆனால் மண்ணுள் இறங்கிய செப்பு அங்கேயே தங்கிவிட்டது. நிலத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கிலோகிராம் உலர்ந்த மண்ணில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் செப்பு உள்ளது. மறுபக்கம் நோக்கிச் செல்லச் செல்ல அவ்வளவு படிப்படியாக ஏறி 1000 மில்லிகிராமையும் தாண்டுகிறது. வேறு நஞ்சு எதுவும் அங்கே குறிப்பிடத்தக்க அளவிற் கலந்திருக்கவில்லை. ஒரே நஞ்சு, ஏறிச் செல்லும் அளவு, தொண்ணூறு ஆண்டுக் காலம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது. எனவே மண்வாழ் உயிர்களை ஆராய்வோர் பல ஆண்டுகளாக அந்நிலத்தை நாடி வந்துள்ளனர்.

செப்பையும் பூச்சிகொல்லிகளோடு சேர்த்துப் பேசலாமா என வாசகர் வினவக்கூடும். பயிருக்குத் தெளிக்கும் மருந்துகளுள் மிகப் பழையனவற்றில் செப்பும் ஒன்றாகும். பிரான்சின் போர்டோப் பகுதி முந்திரிகைத் தோட்டங்களில், 1880களில், மில்லார்டே என்னும் தாவரவியலாளர் செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்துப் பங்கசு நோயை அடக்கினார். அந்தப் போர்டோக் கலவையை யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டக்காரரும் நன்கு அறிவர். ஐரோப்பிய ஒன்றியம் செப்பு மருந்துகளை முற்றாகத் தடைசெய்யவில்லை. ஒரு ஹெக்டயர் நிலத்துக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என 2019 முதல் எல்லை வகுத்துள்ளது. சேதன முறை விவசாயிகளும் அந்த எல்லைக்குட்பட்டே அதனைப் பயன்படுத்துகின்றனர்.

ஆகவே ஹூகும் நிலத்து மண்புழுக்கள் கூறும் செய்தி அந்த ஒரு நிலத்துக்கு மட்டும் உரியதன்று.

ஹூகும் நிலத்தில் கண்டவை

டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கு கண்டவற்றை 2017இல் வெளியிட்டனர். செப்புக் குறைந்த பக்கத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஏறத்தாழ 400 என்றிருந்த தொகை, செப்பு மிகுந்த பக்கத்தில் ஏறத்தாழ 150 ஆகக் குறைந்திருந்தது. செப்பு மிகுந்த மண்ணில் வாழும் புழுக்களின் உடலில், ஒரு கிலோகிராம் உலர் எடைக்கு 100 தொடக்கம் 160 மில்லிகிராம் வரை செப்பு ஏறியிருந்தது. அப்படியிருந்தும், அந்நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட முட்டைக்கூடுகள் பொரிப்பதில் எந்த இனத்திலும் குறை காணப்படவில்லை.

தொகையைக் காட்டிலும் வகையில் ஏற்பட்ட மாற்றம் எமது கவனத்துக்குரியது. மண்புழுக்களை அவை வாழும் இடத்தை வைத்து மூன்றாக வகுப்பர். உதிர்ந்த இலைகுழைகளிடையே நிலத்தின் மேற்பரப்பில் வாழ்வன ஒரு வகை. மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாகத் துளைத்து மண்ணையே உண்டு வாழ்வன இரண்டாம் வகை. செங்குத்தான ஆழ்துளைகளில் வாழ்ந்து, இரவில் மேலே வந்து இலைகளை உள்ளிழுத்துச் செல்வன மூன்றாம் வகை. ஹூகும் நிலத்தில் செப்புக் குறைந்த பக்கத்தில் மண்ணை உண்ணும் இரண்டாம் வகை மேலோங்கியிருந்தது. செப்பு மிகுந்த பக்கத்திலோ மேற்பரப்பில் வாழும் முதலாம் வகையே மேலோங்கியிருந்தது.

இதன் பொருள் என்ன? நச்சு மிகுந்த பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தாலும் புழுவைக் காண்பார். "புழு இருக்கிறதே, நிலம் நல்லாய்த்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் மண்ணுக்குள் நுழைந்து அதனை உண்டு, புரட்டிக் கலக்கும் புழு அங்கே அருகிவிட்டது. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை அந்த மண்ணை அதிகம் தொடாமல் மேலே ஒதுங்கி வாழ்பவை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மண்ணை உண்ணும் ஓர் இனப் புழுக்கள் செப்புக் கலந்த மண்ணில் அடுத்தடுத்து மூன்று காலப்பகுதிகளுக்கு வைத்துப் பார்க்கப்பட்டன. முதலிரு காலப்பகுதிகளில், ஒரு கிலோகிராம் மண்ணில் ஏறத்தாழ 220 மில்லிகிராம் செப்பே இனப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கப் போதுமாயிருந்தது. மூன்றாம் காலப்பகுதியில் அதே அளவு பாதிப்பை உண்டாக்க ஏறத்தாழ இரு மடங்கு செப்புத் தேவைப்பட்டது. புழு நஞ்சோடு பழகிக்கொண்டது என்பதே இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

"மழைப்புழு" செய்யும் வேலை

மண்புழுவை டெனிஷ் மொழியில் 'ரைன்ஓம்' என்பர். மழைப்புழு என்பது அதன் பொருள். மழை பெய்த காலையில் நடைபாதை எங்கும் அதனைக் காணும் எமது பிள்ளைகள் இப்பெயரை நன்கறிவர். ஆனால் அது மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை முதலிற் சீராக விளக்கியவர்களுள் ஒருவர் இந்நாட்டவரே என்பது பலர் அறியாதது. காட்டியல் அறிஞர் பீற்றர் எராஸ்மஸ் முல்லர் 1870களின் இறுதியில் டென்மார்க்கின் பீச் மரக் காடுகளை ஆராய்ந்தார். ஓரிடத்து மண் பொலபொலவென்று கறுத்து வளமாயிருந்தது. வேறோரிடத்தில் உக்காத இலைகள் பாய்போல் படிந்து, அதன் கீழ் மண் இறுகிக் கிடந்தது. முதலிடத்தில் மண்புழுக்கள் நிறைந்திருந்தன. மற்ற இடத்தில் அவை இல்லை. அவர் எடுத்தாண்ட 'முல்', 'மோர்' என்னும் டெனிஷ் பெயர்கள் இன்று உலகெங்கும் மண்ணியல் நூல்களில் வழங்குகின்றன.

அதை அடுத்து 1881இல் சாள்ஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளின் பின், 1891இல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம்பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. அந்நாடகத்தில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, அதன் ஓயாத உழைப்பை வியந்து பேசும் இடம் ஒன்று உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்துக்காக அந்நூலை நினைவுகூரும் நாம், உழவருக்கு முன் உழும் அச்சிற்றுயிருக்கும் அதில் இடமிருந்ததை மறந்துவிடுகிறோம்.

புழு செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதன் துளைகள் வழியே மழைநீர் கீழிறங்குகிறது. வேர்களுக்குக் காற்றுக் கிடைக்கிறது. உக்கிய இலையும் மண்ணும் அதன் குடலிற் கலந்து, பயிர் உறிஞ்சத்தக்க சத்துகளோடு எச்சமாக வெளிவருகின்றன. அதன் தொகை குறைந்தால் நிலம் உடனே மலடாகிவிடுவதில்லை. மண் சிறிது சிறிதாக இறுகும், நீர் தேங்கும், அதே விளைச்சலைப் பெற முன்னையிலும் கூடுதலாகப் பசளை இடவேண்டிவரும். கமக்காரர் பசளையின் விலையை அறிவார். அது எந்த வேலையாளுக்குப் பதிலாக இடப்படுகிறது என்பதைக் கணக்குப்புத்தகம் காட்டுவதில்லை.

நச்சை நீக்கும் செலவு

மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோலாலேயே அது சுவாசிக்கிறது. ஆகவே மண்ணீரிற் கரைந்த நஞ்சு தோல் வழியாக உட்புகும். அது உண்பதும் அதே மண்ணாதலால் குடல் வழியாகவும் புகும். தப்பி ஓடவும் வழி குறைவு. ஆயினும் அது கையாலாகாத உயிரன்று. செப்பு, கட்மியம் போன்ற உலோகங்கள் உட்புகுந்தால், அவற்றைப் பற்றிக் கட்டிவைக்கும் புரதங்களை அதன் உடல் ஆக்குகிறது. செயற்கை இரசாயனங்கள் புகுந்தால், அவற்றை மாற்றி வெளியேற்றும் நொதியங்களைக் கூட்டுகிறது. இவ்வேலைகளுக்கெல்லாம் சக்தி வேண்டும். உண்ட உணவிலிருந்து பெறும் சக்தியை உடல் வளரவும் முட்டையிடவும் செலவிடலாம். அன்றி நச்சை நீக்கவும் செலவிடலாம். ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றதற்குக் குறையும்.

இதனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. ஓடென்ஸ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தினரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து அதனை நடத்தினர். தானியப் பயிர்களுக்குத் தெளிக்கப்பட்டு வந்த எப்பொக்சிகொனசோல் என்னும் பங்கசுநாசினியே ஆய்வுப் பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து தெளிக்கப்பட்டு வந்த நிலத்துப் புழுக்களையும், சேதன முறையிற் பயிரிடப்பட்ட நிலத்துப் புழுக்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். மருந்து நிலத்துப் புழுக்கள் நச்சை நீக்கும் முறைகளை வளர்த்துக்கொண்டிருந்தன. அந்த மருந்தோடு வாழக் கற்றிருந்தன. ஆனால் அவை ஏனைய புழுக்களின் எடையிற் பாதியளவே வளர்ந்திருந்தன. மருந்து படாத நிலத்திலோ புழுக்களின் தொகை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாயிருந்தது. நச்சுநீக்கத்துக்கே சக்தி செலவாகிவிடுவதால் இனம் பெருகுவது குன்றுகிறது என்பது ஆய்வாளர் தந்த விளக்கம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. 'இசைவாக்கம்' என்று நூல்கள் கூறுவதை நாம் பெரும்பாலும் வெற்றி என்றே பொருள் கொள்கிறோம். உயிர் சூழலோடு இசைந்துவிட்டது, ஆகவே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எண்ணுகிறோம். புழுவின் கணக்கு அவ்வாறு முடியவில்லை. இசைந்தது உண்மை, பிழைத்தது உண்மை, அதற்காகத் தன் வளர்ச்சியையும் சந்ததியையும் குறைத்துக்கொண்டதும் அவ்வளவு உண்மை. பிழைத்திருத்தலுக்கு ஒரு விலையுண்டு என்பதைப் புலம்பெயர்ந்த எமது மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போகிறான், மொழி பேசுகிறான், வரி கட்டுகிறான் என்பதை வைத்து ஒருவனுக்கு நோவில்லை என்று முடிவு கட்டுவோரை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம்.

பதினான்கு நாட் பரீட்சை

புதிய மருந்தொன்று சந்தைக்கு வருமுன் மண்புழுவுக்கு அது தீங்கானதா எனப் பரீட்சிக்கப்படுகிறது. 1984இல் வகுக்கப்பட்ட சர்வதேச முறை ஒன்றின்படி, செயற்கையாகக் கலந்த மண்ணில் மருந்தைச் சேர்த்துப் புழுக்களை 14 நாட்கள் விடுவர். எத்தனை இறந்தன என்று எண்ணுவர். பின்னர் 2004இல் இனப்பெருக்கத்தை அளக்கும் முறையும் வகுக்கப்பட்டது. அதற்கு எடுக்கும் காலம் 8 வாரம். இவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவது எய்சீனியா என்னும் செந்நிறப் புழு. அது உக்கிய குப்பையிலும் சாணக் குவியலிலும் வாழ்வது. வயல் மண்ணிற் காணப்படுவது அரிது. பரீட்சைச் சாலையில் எளிதிற் பெருகும் என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். வயலில் வாழும் இனங்கள் பல அதனைக் காட்டிலும் பூச்சிகொல்லிகளால் எளிதிற் பாதிக்கப்படுகின்றன என்பதைப் பின்னாளைய ஒப்பீடுகள் காட்டியுள்ளன.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய நாட்களில் மாணவருக்கு நாம் அடிக்கடி சொல்லுவது ஒன்றுண்டு: எதைக் கேட்டீர்களோ அதற்குத்தான் விடை கிடைக்கும். "இறந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடை வரும். "வளர்ந்ததா? பெருகியதா? தன் வேலையைச் செய்ததா?" என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு வேறு விடைகள் வரக்கூடும்.

வியன்னாவில் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. வீட்டுத் தோட்டங்களிலும் பயன்பட்டு வந்த கிளைபோசேற்றுக் களைகொல்லியைத் தெளித்த பின், ஆழ்துளைப் புழுக்கள் மேற்பரப்பில் எச்சமிடுவது மூன்று வாரமளவில் ஏறத்தாழ நின்றுபோயிற்று. மண்ணுட் புழுக்களின் இனப்பெருக்கம் மூன்று மாதத்துக்குள் 56 வீதம் குறைந்தது. எச்சமிடுவதை நிறுத்திய புழு இறந்த புழு அன்று. ஆனால் மண்ணைப் புரட்டும் வேலை நின்றுவிட்டது.

புழு தாங்கும், பறவை தாங்காது

புழுவின் தாங்கும் ஆற்றல் பிற உயிர்களுக்கு எமனாவதும் உண்டு. 1950களில் அமெரிக்காவில் எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைத் தடுக்க டி.டி.ரி. பெருமளவிற் தெளிக்கப்பட்டது. மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் உண்டன. பெரும்பாலான புழுக்கள் சாகவில்லை, நஞ்சை உடலிற் சேர்த்துவைத்தன. அடுத்த இளவேனிலில் புழுக்களைத் தின்ற றொபின் பறவைகள் துடிதுடித்து வீழ்ந்தன. பெரிய புழுக்கள் பதினொன்றில் உள்ள நஞ்சே ஒரு பறவையைக் கொல்லப் போதுமாயிருக்கலாம் என்று கணக்கிட்டனர். றேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது.

டி.டி.ரி. காலம் போய்விட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பிரான்சில் விவசாயப் பகுதி ஒன்றிலிருந்து 180 இடங்களின் மண்ணை எடுத்துப் பரிசோதித்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். தேடியவை தற்காலத்தில் வழங்கும் மருந்துகள். ஒவ்வொரு மண் மாதிரியிலும் குறைந்தது ஒரு மருந்தாவது இருந்தது. மண்புழுக்களில் 92 வீதமானவற்றின் உடலிலும் இருந்தது. மருந்தே தெளிக்காத வேலியோரங்களும் புற்றரைகளும் சேதன வயல்களும் அம்மாதிரிகளில் அடங்கும்.

டென்மார்க் எடுத்த நடவடிக்கைகள்

இந்நாட்டு அரசு இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. எமது மக்கள் இங்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த 1986ஆம் ஆண்டிலேயே பூச்சிகொல்லிப் பாவனையைப் பாதியாகக் குறைக்கும் முதலாவது செயற்றிட்டம் வகுக்கப்பட்டது. 1990களில் பூச்சிகொல்லி வரி நடைமுறையில் இருந்தது. 2013இல் அது முற்றாக மாற்றியமைக்கப்பட்டது. அதுமுதல் விலையை வைத்தல்ல, மருந்து உண்டாக்கும் தீங்கை வைத்தே வரி கணிக்கப்படுகிறது. அந்தத் தீங்கைக் கணிக்கும்போது தேனீ, மீன், பறவை ஆகியவற்றோடு மண்புழுவுக்கு ஏற்படும் நச்சுத்தன்மையும் சேர்க்கப்படுகிறது. ஒரு நாட்டின் வரிச் சட்டத்தில் மண்புழுவின் நலன் எண்ணாக இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

ஆயினும் சட்டம் இயங்கும் வேகமும் மண் இயங்கும் வேகமும் ஒன்றல்ல. டென்மார்க்கின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. பீற்கிழங்கு வயல்களில் 1964 முதல் தெளிக்கப்பட்ட குளோரிடசோன் என்னும் களைகொல்லியின் விற்பனை 1996இல் நின்றது. அது சிதைந்து உண்டாகும் பொருளொன்று 2017இல் நாட்டின் பல கிணறுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து நின்று இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் எச்சம் கணக்கில் வந்தது. 1924இல் நின்ற தொழிலின் செப்பை இன்றும் தாங்கி நிற்கும் ஹூகும் நிலமும் இதையே கூறுகிறது.

எமது மண்

இனி எமது ஊருக்கு வருவோம். டென்மார்க்கின் பெரும்பகுதிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கீழே சுண்ணப்பாறை. இரண்டிலும் மக்கள் குடிப்பது நிலத்தடி நீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மேலே செம்மண்ணில் இடுவது எதுவோ, அது பாறை வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வந்து சேரும். தோட்டங்களிற் கொட்டிய பசளையின் நைத்திரேற்று கிணறுகளிற் கலந்திருப்பதை 1980கள் முதலே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எனப் பயிர் மாற்றிப் பயிர் செய்த அத்தோட்டங்களில் மருந்தடிப்பதும் இடைவிடாமல் நடந்தது. பியூரடான் என்ற பெயரில் எமது கமக்காரர் அறிந்த காபோபியூரான் குருணை, மண்புழுவின் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சுகளுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் அதற்கு அனுமதி மறுத்தது. புழுவைக் கொல்லவென்று எவரும் அதனை இடவில்லை. பயிரைத் தின்னும் பூச்சியைக் கொல்லவே இட்டனர். மண்ணில் விழுந்த குருணைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

போர்க்காலத்தில் பசளைக்கும் மருந்துக்கும் தடை வந்தது. உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்ட தோட்டங்கள் பல ஆண்டுகள் மண்வெட்டி படாமற் கிடந்தன. 2009இன் பின் கட்டங்கட்டமாக நிலங்கள் திரும்பி வந்தன. இன்னும் வராதவையும் உண்டு. பின்னர் 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளைகளினதும் பூச்சிகொல்லிகளினதும் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் தெருவுக்கு வந்தனர், அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாகப் புழுவின் வேலையை மூட்டைப் பசளையிடம் ஒப்படைத்த மண்ணிலிருந்து மூட்டையை ஒரே நாளில் எடுத்துவிட்டு, அது தானே எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்தமையே அத்திட்டத்தின் பெருங்குறை. நஞ்சு மெல்லச் செய்த வேலையை மெல்லத்தான் மாற்றலாம்.

ஊரில் காணி மீண்டவர்களும், உறவினர் மூலம் அதனை மீண்டும் பயிரிட எண்ணுவோரும் எம் வாசகரிடையே பலர் உள்ளனர். காணிக்கு வேலி, கிணற்றுக்குப் பம்பி, நாற்றுக்குப் பணம் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் மண்ணின் நிலைமைக்கும் ஒரு வரி ஒதுக்குவது நன்று.

மண்ணைக் கேட்டறியும் வழி

இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. டென்மார்க்கில் தோட்டத் துண்டு எடுத்து வெந்தயக்கீரையும் பூசணியும் மிளகாயும் வளர்க்கும் குடும்பங்கள் இவ்வாண்டே செய்து பார்க்கலாம். இங்கு இளவேனிலும் இலையுதிர் காலமும் ஏற்ற பருவம். கோடை வறட்சியிலும் குளிரிலும் புழுக்கள் ஆழத்துக்கு இறங்கிச் சுருண்டுவிடும். ஊரிலென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து நிலம் ஈரமாயிருக்கும் நாட்கள்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 சென்ரிமீற்றர் வருமாறு ஒரு கட்டி மண்ணை வெட்டி எடுத்து, ஒரு சாக்கின் மேல் உதிர்த்து, புழுக்களை எண்ணுங்கள். ஹூகும் நிலத்துக் கணக்கை இந்த அளவுக்குக் குறுக்கினால், செப்புக் குறைந்த பக்கத்தில் ஒரு கட்டிக்கு ஏறத்தாழ 16, செப்பு மிகுந்த பக்கத்தில் ஏறத்தாழ 6 வரும். மண்ணுக்கு மண் தொகை வேறுபடும். ஆகவே அயலானின் எண்ணோடு ஒப்பிடுவதிலும், தோட்டத்தின் வேறு மூலையோடும் அடுத்த ஆண்டோடும் ஒப்பிடுவது பயன் தரும். ஆழ்துளைப் புழுக்களைக் காண வேண்டுமாயின், கடுகுத்தூளை நீரிற் கரைத்து வெட்டிய குழியில் ஊற்றினால், தோல் எரிந்து அவை மேலே வரும். எண்ணியபின் நல்ல நீரிற் கழுவி அவற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளிறிய புழுக்கள் வந்தனவா, அல்லது மேலே இலைகளுக்கிடையில் ஓடும் சிவந்த புழுக்கள் மட்டுமா என்று பாருங்கள். பருத்த முதிர்ந்த புழுவின் கழுத்தருகே பட்டி போன்ற தடிப்பு இருக்கும். அது முட்டையிடும் பருவத்தின் அடையாளம். அத்தகையன எத்தனை, சிறு குஞ்சுகள் எத்தனை? எலுமிச்சை விதையிலும் சிறிய முட்டைக்கூடுகள் கண்ணிற் படுகின்றனவா? சென்ற ஆண்டு இட்ட இலைகுழை உக்கி மண்ணோடு கலந்துள்ளதா, அன்றி அப்படியே பாய்போற் கிடக்கிறதா? இக்கேள்விகளே ஓகூசிலும் ஓடென்சவிலும் ஆய்வாளர் கேட்டவற்றின் சாரம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் 'ரைன்ஓம்' என்று படித்ததற்கு வீட்டில் நாங்கூழ் என்றொரு பெயர் உண்டென்பதை அவர்கள் அங்கே அறியட்டும்.

தொகை குறைந்திருப்பின் செய்யவேண்டியவை எளியவை. களைகொல்லிப் போத்தலைக் கைவிட்டுக் களையைக் கையாற் பிடுங்குவது, உக்கிய எருவும் இலைகுழையும் இடுவது, நிலத்தை வெறுமனே காயவிடாமல் மூடிவைப்பது, தேவையின்றி ஆழக் கொத்துவதைத் தவிர்ப்பது. இரசாயனங்களைப் பொறுத்தவரை பலவும் ஆண்டுகளிற் சிதைந்து குறையும். புழு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வரும். செப்பு அவ்வாறு சிதைவதில்லை. ஆகவே எதை நிறுத்துவது என்பதைக் காட்டிலும் எதைத் தொடங்காமல் இருப்பது என்பதே சில வேளைகளில் பெரிய முடிவாகும்.

மருந்துக் கடைக்காரரும் விற்பனை முகவரும் "இது மண்புழுவைக் கொல்லாது" என்று சொன்னால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அடுத்த கேள்வியை நாமே கேட்கவேண்டும்: இருபது ஆண்டுகள் தெளித்த பின், அங்கே மிஞ்சும் புழு எவ்வளவு எடை இருக்கும், எத்தனை குஞ்சு பொரிக்கும், மண்ணுக்குள் இறங்குமா?